வாட்டம், வரம்பு, கண்ணாடிக் கதவு

வீடு கட்டியவர்களுக்கும், வீடு கட்டித் தருகிறவர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கும் 'நாணி ட்ராப்' என்றால் தெரிந்திருக்கும். பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, சாக்கடை நாற்றம் மேலே வராமல் இரண்டு அங்குலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் கிண்ணம். மதுரையிலும் சேலத்திலும் ப்ளம்பர்கள் நாணி, நானி, நஹானி என்று அவரவர் வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். நாணி என்பது யாரோ ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் பெயர் என்று அடித்துச் சொன்ன மேஸ்திரி ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், அவர் புனே பக்கம் வந்ததில்லை. மராத்தியில் 'ந்ஹாணி' என்றால் குளிக்கிற இடம். குளியலறைக்கு 'ந்ஹாணிகர்' என்றே பெயர். நம்மோடு சேர்ந்து ஊர் மாறி வாழ்கிற சொல் அது. நாம் தெற்கிலிருந்து இங்கே வந்தோம், அது இங்கிருந்து தெற்கே போனது.

இந்தப் பதிவு அந்தக் கிண்ணத்தைப் பற்றி அல்ல, அதற்கு மேலே நடக்கிற கூத்தைப் பற்றி. சிவில் எஞ்சினியர் என்பதால் (ஜல்லியடிப்பதே தொழில் :-) ) தெரிந்த குடும்பங்களில் ஒழுகல், ஓதம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் மொட்டை மாடி, வெளிச்சுவர், மேல்வீட்டுக் குழாய் என்று காரணம் பலவிதமாக இருக்கும். கொஞ்ச வருஷங்களாகத் திரும்பத் திரும்ப ஒரே புகார்: ஷவருக்குப் போட்ட கண்ணாடிக் கதவுக்கு அடியில் தண்ணீர் வெளியே வருகிறது. எங்கள் குடியிருப்பிலேயே பத்து வருஷம் தீபாவளிப் பலகாரம் மாற்றிக்கொண்ட இரண்டு குடும்பங்கள், மூன்றாம் மாடித் தமிழர்களும் இரண்டாம் மாடி மராத்தியரும், லிஃப்டில் முகம் பார்த்துக்கொள்ளாமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன். மேலே தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் கதவுக்கடியில் தப்பித்துக்கொண்டிருந்தது. கீழே அவர்கள் பாத்ரூம் சீலிங் பழுப்பு நிறத்தில் வட்டம் வட்டமாகப் பூத்து, பிறகு பெயர்ந்து விழ ஆரம்பித்தது.

எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். கதவுக்கடியில் போடுகிற ரப்பர் எது நல்லது? பதில் சொல்வதற்கு முன் நான் தரையைப் பார்ப்பேன். ஏன் தரை என்று விளக்கக் கொஞ்சம் சரித்திரம் பேச வேண்டியிருக்கிறது.

பழைய பம்பாய் சால் வீட்டை நேரில் பார்த்தவர்களுக்கு 'மோரி' ஞாபகம் இருக்கும். 1896-இல் பம்பாயில் பிளேக் வந்து நகரமே ஆடிப்போன பிறகு, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. 1920-களில் பம்பாய் டெவலப்மெண்ட் டிபார்ட்மெண்ட் மில் தொழிலாளிகளுக்காக வொர்லி, நாய்காவ், செவ்ரி, டிலைல் ரோடு பகுதிகளில் 207 கட்டடங்களை எழுப்பியது. ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடியில் ஒரே அறை. கக்கூஸ் பொதுவில். இந்த மாதிரி அறைகளின் மூலையில், மூன்றடிக்கு மூன்றடி இருந்தால் பெரிது, ஒரு சின்ன இடத்தைச் சுற்றி நாலைந்து அங்குலம் உயரத்துக்கு ஒரு திட்டு கட்டியிருப்பார்கள். அதுதான் மோரி. தரையில் ஷஹாபாத் கல்லோ கடப்பைக் கல்லோ. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அங்கேதான். பெண்கள் குளிக்கும்போது ஒரு பழைய புடவையைக் குறுக்கே கட்டிவிடுவார்கள். மோரிக்குக் கதவு கிடையாது. அந்த அறையிலேயே, நாலடி தள்ளி, ராத்திரி எட்டுப் பேர் பாய் விரித்துப் படுத்தார்கள். பாய் நனைந்தால் குடும்பம் படுக்க முடியாது. அதனால் அந்த நாலு அங்குலத் திட்டை யாரும் அலட்சியமாகக் கட்டவில்லை.

நம் கொத்தனார்களின் மொழியில் இதற்கு இரண்டே சொல் போதும். ஒன்று வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் பக்கமாகத் தரையைச் சரிப்பது. மற்றது வரம்பு. வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படி. தண்ணீர் தானாக ஓட்டை பக்கம் போக வேண்டும். அவசரத்தில் தாண்டப் பார்த்தால் வரம்பில் முட்டித் திரும்ப வேண்டும்.

இந்த இரண்டும் எவ்வளவு பழசு என்று பார்க்க மொஹஞ்சதாரோ வரைக்கும் போகலாம். 1924-இல் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகத்துக்கு அறிவித்தார். 1925-26-இல் பெரிய குளம் வெளிப்பட்டது. சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். ஒழுகாமல் இருக்க அவர்கள் செய்ததைப் பாருங்கள். செங்கல்லைக் குத்துக்கல்லாக நெருக்கி நிறுத்தி, நடுவில் ஜிப்சம் சாந்து, அதற்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு அங்குலத்துக்கு நிலக்கீல், அதாவது தார் வகை, அதற்கும் பின்னால் இன்னொரு செங்கல் சுவர். இன்று பெரிய பெரிய டப்பாக்களில் விற்கிற வாட்டர்ப்ரூஃபிங் மருந்துகளின் தத்துவம் இதைவிட வேறல்ல. நீர் புகாத ஒரு தோல், அதைக் காக்க இரண்டு பக்கமும் கெட்டியான சுவர்.

ஆனால் எனக்குப் பெரிய குளத்தைவிடச் சின்ன வீடுகள்தான் ஆச்சரியம். மொஹஞ்சதாரோவில் வீட்டுக்கு வீடு குளிக்கும் இடம் இருந்தது. பெரும்பாலும் தெருவை ஒட்டிய சுவர்ப் பக்கம். தரைச் செங்கற்களைத் தேய்த்து, இடைவெளி தெரியாதபடி சேர்த்திருக்கிறார்கள். தரை ஒரு மூலையை நோக்கிச் சரிகிறது. ஓரத்தில் செங்கல் விளிம்பு எழும்பி நிற்கிறது. மூலையிலிருந்து சுவர் வழியாகத் தெருச் சாக்கடைக்குத் தாரை. வாட்டமும் வரம்பும். 4500 வருஷத்துக்கு முன்னால். அந்த ஊரிலிருந்து பம்பாய் மோரிக்கு நேர்க்கோடு இழுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் எல்லா ஊரிலும் பள்ளத்துக்குத்தான் ஓடுகிறது. அதைக் கவனித்தவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கட்டினார்கள்.

நம் பக்கத்திலும் சொல் இருக்கிறது. திருநெல்வேலி, நாகர்கோவில்காரர்கள் 'அங்கணம்' என்பார்கள். அடுக்களையில் பாத்திரம் கழுவும், தண்ணீர் போகும் இடம். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் இந்தச் சொல் வருகிறது. அங்கே கழிவுநீர் ஓடும் இடம் என்ற பொருளில். இரண்டாயிரம் வருஷத்துக்கு நெருக்கமான ஒரு சொல்லை, கழுநீர் விடும் மூலைக்கு இன்றும் வைத்துக்கொண்டிருக்கிற ஜனம் நாம்.

கீழ்வீட்டுக்காரரோடு வரும் சண்டையும் புதிதல்ல. அர்த்தசாஸ்திரத்தில் வீடு, மனை சம்பந்தமான வழக்குகளுக்கு ஒரு பகுதி உண்டு. வீட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் வழி போதுமான சரிவோடு இருக்க வேண்டும், மீறினால் 54 பணம் அபராதம் என்று அதில் இருக்கிறது. வாட்டம் சரியில்லாவிட்டால் ஃபைன்! (அந்த நூலின் சுவடியை மைசூர் நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர். ஷாம சாஸ்திரி அதை 1909-இல் பதிப்பித்தார்.) இன்றைய மஹாராஷ்டிராவில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கின்றன. கழிவறை, சிங்க் வகையில் வருகிற உள்கசிவைச் சரிசெய்யும் செலவு அந்த ஃப்ளாட்காரர் தலையில். சொஸைட்டி கை கழுவிவிடும். வாடகைக்கு இருக்கிறவர்கள் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளைக்காரன் பங்களாவிலும் இதே கதைதான். 1894-இல் வந்த கிப்ளிங்கின் ஜங்கிள் புக்கில் ரிக்கி-டிக்கி-டவி என்ற கீரிப்பிள்ளைக் கதையை உங்கள் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அதில் நாகப்பாம்பு எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது? குளியலறைச் சுவரின் அடியில் ஒரு செங்கல்லை எடுத்துவிட்டுத் தண்ணீர் வெளியே போகச் செய்த ஓட்டை வழியாக. குளியல் தொட்டி வைக்கிற இடத்தைச் சுற்றிக் காரைத் திட்டு இருந்ததையும் கிப்ளிங் விடாமல் எழுதியிருக்கிறார். பிஹாரில் ஒரு கண்டோன்மெண்ட் பங்களா, உள்ளே ஒரு மோரி. பாம்பு வராமல் தடுக்க நாணி ட்ராப் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான். இருந்திருந்தால் கதையே இல்லை.

இனி நம் ஆட்களிடம் வரலாம். பம்பாய் மாதுங்காவில் தென்னிந்தியக் குடும்பங்கள் குடியேறிய கதையை நிகில் ராவ் என்ற வரலாற்றாசிரியர் 2013-இல் வந்த தன் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். தோட்டமில்லாத வீடு என்று அர்த்தம் வரும் தலைப்பு. அந்தக் குடும்பங்களுக்கு அங்கே புதிதாக இருந்தது ஃப்ளாட் என்கிற சமாசாரமே. ஊரில் குளிப்பது கிணற்றடியில், ஆற்றில், கொல்லையில். கக்கூஸ் இன்னும் தள்ளி. ஃப்ளாட்டில் எல்லாம் ஒரே கதவுக்குள். சமையலறைக்கும் கக்கூஸுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆசாரம் பார்த்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்பதை ராவ் எழுதுகிறார். நான் எஞ்சினியர் கண்ணோடு வேறொன்றைப் பார்க்கிறேன். கொல்லையில் சிந்திய தண்ணீர் வாழைமரத்துக்குப் போனது. ஃப்ளாட்டில் சிந்திய தண்ணீருக்குக் கீழே இன்னொருவர் வீடு இருக்கிறது.

அதற்காக எஞ்சினியர்கள் கண்டுபிடித்ததுதான் தாழ்த்திய ஸ்லாப். பாத்ரூம் வரும் இடத்தில் மட்டும் கான்க்ரீட் தளத்தை ஏறக்குறைய ஒரு அடி கீழே இறக்கி, அந்தப் பள்ளத்தில் குழாய்களையும் ட்ராப்பையும் வைத்து, செங்கல் ஜல்லியைச் சாந்தோடு போட்டு நிரப்பி, மேலே ஓடு பதிப்பார்கள். பம்பாய்ப் பக்கம் இந்தச் செங்கல் ஜல்லிக்குப் 'ப்ரிக்பேட் கோபா' என்று பெயர். இதில் உள்ள தொல்லை என்னவென்றால், ஓட்டின் இடுக்குகள் வழியாக இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, ஊறுகாய் ஜாடி மாதிரி நின்றுகொண்டிருக்கும். மேலே தரை காய்ந்து பளபளவென்று இருக்கும். கீழ்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். இருந்தாலும் அந்தக் காலத்து ஃப்ளாட் பாத்ரூம்களில் ஒரு நல்ல குணம் இருந்தது. அறை முழுதுமே ஒரு பெரிய மோரி. வாளியில் மொண்டு குளித்தாலும், பிள்ளைகள் அடித்து விளையாடினாலும், தரை முழுதும் ஒரே ட்ராப்பை நோக்கி வாட்டம். அறை வாசலில் ஒரு அங்குலப் படி. மருந்தும் அறை முழுதுக்கும் அடித்திருப்பார்கள்.

கண்ணாடிக் கதவு வந்து இந்த ஒரு மோரியை இரண்டாகப் பிரித்தது. ஈரப் பகுதி, காய்ந்த பகுதி.

கண்ணாடியின் சரித்திரம் சுருக்கமாக. 1959-இல் அலஸ்டர் பில்கிங்டன், உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு வழவழப்பாக எடுக்கும் முறையை அறிவித்தார். பெரிய, நெளிவில்லாத கண்ணாடி மலிவானது. 1977-இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஷவர் கதவுகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும் என்று விதி செய்தது. உடைந்தால் கத்தி மாதிரி கிழிக்காமல் கல்கண்டு மாதிரி உதிர வேண்டும். இந்தியாவில் 1991-க்குப் பிறகு மிதவைக் கண்ணாடி ஆலைகள் வந்தன. 2000-இல் செயின்ட்-கோபைன் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. உங்கள் புனே பாத்ரூமில் நிற்கிற கண்ணாடி நம்ம ஊரில் உருகியதாகவே இருக்கலாம். கூடவே வெளிநாட்டு வேலை, ஓட்டல் தங்கல், காய்ந்த தரையில் செருப்பில்லாமல் நடக்கும் சுகம். ஆசை வந்ததில் ஒரு தப்பும் இல்லை.

கண்ணாடிக்கு முன்னால் மேல்நாட்டில் திரை இருந்தது. ஹிட்ச்காக் 1960-இல் அந்தத் திரையை வைத்தே உலகத்தைப் பயமுறுத்தினார். திரை பார்க்க அசட்டுத்தனமாக இருந்தாலும் அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. அது தொட்டியின் விளிம்புக்கு உள்ளே தொங்கும். வழிகிற தண்ணீர் உள்ளேயே விழும். பிறகு வந்த அலுமினியச் சட்டக் கதவுகளில் அடியில் ஒரு தகடு உள்பக்கமாகச் சாய்ந்து அதே வேலையைச் செய்தது. சட்டமில்லாத கண்ணாடி நாகரிகமானதும் அந்தத் தகடும் போயிற்று. இப்போது கண்ணாடி திட்டின் நடுவே, அல்லது திட்டே இல்லாத தரையில் நிற்கிறது. அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. 1926-இல் வால்டோ செமன் பிவிசியை வளையும்படி செய்தாரே, அந்த வம்சம். நாலாயிரம் வருஷம் செங்கல் திட்டு பார்த்த வேலையை ஒரு விரல் அகலப் பட்டையிடம் ஒப்படைத்துவிட்டோம்.

பட்டை ஏன் தோற்கிறது? கீலில் திறக்கும் கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தரையில் உரசும். வழக்கமாக 8 முதல் 12 மில்லிமீட்டர். இரண்டாவது, டஃபன் செய்த கண்ணாடியை அதற்கப்புறம் வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதால் வரும் பலம் அது, கை வைத்தால் மொத்தமும் உதிர்ந்துவிடும். ஆகவே கண்ணாடி நேர்ச்சதுரமாக வரும், தரையோ வாட்டத்தோடு இருக்கும். ஒரு பக்கம் 8 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மறுபக்கம் 15. மூன்றாவது எடை. 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. 70 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரக் கதவு 35 கிலோ. இரண்டு கீலில் தொங்கும் 35 கிலோ, வருஷம் போகப் போக மூக்குப் பக்கம் கொஞ்சம் தொங்கும். நாலாவது நம் தண்ணீர். போர்வெல்லும் டேங்கர் லாரியும் கொண்டுவரும் உப்புத் தண்ணீரில் பட்டை வெள்ளை படிந்து விறைத்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு நியாயமான விதி. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகளில், கீல் வைத்த ஷவர் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும் என்று இருக்கிறது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். வெளியிலிருந்து யாரும் உதவிக்குப் போக முடியாது. வெளியே திறந்தால் கண்ணாடியில் ஒட்டிய தண்ணீர் வெளியேதான் சொட்டும். உயிருக்கும் தண்ணீருக்கும் நடுவே உயிரைத் தேர்ந்தெடுத்த விதி. உங்கள் கான்ட்ராக்டர் "உள்ளே திறக்கிற மாதிரி மாத்திடலாம் சார், தண்ணி வராது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதிலும் வீட்டில் வயதானவர்கள் இருந்தால்.

ஒரு சின்னக் கணக்கு. ஷவர் நிமிஷத்துக்கு 9 லிட்டர், பத்து நிமிஷக் குளியல் 90 லிட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு வெளியே வந்தால் 900 மில்லி. நாலு பேர் குளித்தால் நாளைக்கு 3.6 லிட்டர், வருஷத்துக்கு 1300 லிட்டருக்கு மேல். மிதியடி நனைந்திருக்கிறது என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர்.

பழைய பாத்ரூமில் அந்த 1300 லிட்டரும் சத்தமில்லாமல் ட்ராப்புக்குப் போயிருக்கும். புதியதில் அது எங்கே போகிறது என்பதுதான் விஷயம். மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் கண்டுபிடித்ததும் இதைத்தான். காய்ந்த பகுதி காய்ந்தே இருக்கும் என்று நம்பி, கட்டியவர்கள் மருந்தை ஷவர் பகுதிக்கு மட்டும் அடித்திருந்தார்கள். காய்ந்த பகுதிக்குத் தனி ட்ராப்பும் இல்லை, வாட்டம் வாசலைப் பார்த்து இருந்தது. கதவுக்கடியில் வந்த தண்ணீர் மரநிலையின் அடியை ஊறவைத்து, ஓட்டு இடுக்கில் இறங்கிக் கீழே போயிற்று. அந்த வீட்டம்மா இரண்டு முறை பட்டை மாற்றியும் நிற்காததற்கு இதுதான் காரணம். காய்ந்த பகுதி ஓட்டைப் பெயர்த்து, மருந்து அடித்து, வாட்டத்தை ட்ராப் பக்கம் திருப்பினோம். பதினைந்து நாள் வேலை. அந்தப் பதினைந்து நாளும் மேல்வீட்டுக்காரர்கள் குளித்தது கீழ்வீட்டில்தான், மராத்தி ஆஜி கூப்பிட்டுச் சொன்னார்.

ஆகவே நான் பார்க்கிற வரிசை இது. ஷவரைத் திறக்காமல், ஒரு செம்புத் தண்ணீரைக் கதவுக்கு அடியில் உள்ள திட்டின் மேல் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அது உள்ளே ஓட வேண்டும். வெளியே ஓடினாலோ நின்றாலோ திட்டின் வாட்டம் தப்பு, எந்தப் பட்டையும் காப்பாற்றாது. கிரானைட் திட்டை எடுத்து உள்பக்கம் மூன்று நாலு மில்லிமீட்டர் சரிவாகப் பதிக்கச் சொல்லுங்கள். பிறகு ஷவர் முகத்தைப் பாருங்கள், அது கதவை நேரே பார்த்து அடிக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் பட்டை. தொங்கும் நாக்கு மட்டும் உள்ளதை வாங்காமல், உள்பக்கமாகச் சாய்ந்த இன்னொரு இதழும் உள்ளதை வாங்குங்கள். அந்த இதழ் ஷவர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருக்கிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அது தண்ணீரை மரியாதையாக வெளியே அனுப்பி வைக்கும். நாக்கு தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும், அழுத்தி உரசினால் ஆறு மாதத்தில் கிழியும். கீல் தொங்கியிருந்தால் முதலில் கீலை இறுக்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் குளம் கட்டிப் பாருங்கள். ஜாலியை அடைத்து, திட்டு உயரத்துக்குக் கீழே இரண்டு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, கீழ்வீட்டு சீலிங்கைப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஷவர் பகுதிக்கு ஒரு நாள், காய்ந்த பகுதிக்கு வாசலில் தற்காலிகத் திட்டு வைத்து இன்னொரு நாள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது ஒழுகுகிறது என்று தெரியாது.

இதுவரை நான் வரம்பின் கட்சி. ஆனால் ஊரிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் தங்கிய பிறகு அந்தக் கட்சியில் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. முழங்கால் வலிக்காரருக்கு நாலு அங்குலத் திட்டு ஒரு மதில்சுவர். ஈரக் காலோடு தாண்டும்போது, பிடிக்கக் கைக்கு எட்டுவது அந்தக் கண்ணாடிக் கதவின் குமிழ்தான். அது ஆளைத் தாங்கச் செய்ததல்ல. அமெரிக்காவின் ப்ளம்பிங் விதி ஒன்று ட்ராப்பிலிருந்து குறைந்தது 2 அங்குலம் உயரத்துக்குத் திட்டு வேண்டும் என்கிறது. அதே நாட்டின் மாற்றுத்திறனாளிகளுக்கான விதி, சக்கர நாற்காலி போகும் ஷவரில் அரை அங்குலத்துக்கு மேல் கூடாது என்கிறது. இரண்டும் நியாயமே.

வரம்பை எடுத்தால் அதன் வேலையை வாட்டம் செய்ய வேண்டும். ஷவர் பகுதித் தரையை மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரித்து, கதவுக் கோட்டை ஒட்டி நீளமான தாரை ஜாலி வைத்து, மருந்தை அறை முழுதும் அடித்து, காய்ந்த பகுதிக்கும் ஒரு ட்ராப் கொடுத்தால் திட்டே வேண்டாம். கதவும் வேண்டாம், ஓரமாக அசையாத கண்ணாடி ஒன்று போதும். அதாவது மறுபடியும் அறை முழுதும் ஒரே மோரி. புதிதாக வீடு வாங்குகிறவர்கள், ஓடு பதிப்பதற்கு முன்பே போய் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடு பதித்த பிறகு யாரும் வாட்டத்தை மாற்றித் தர மாட்டார்கள். வாங்கி முடித்தவர்கள், அம்மா அப்பா வருவதற்கு முன் திட்டின் இரண்டு பக்கமும் சுவரில் ஸ்டீல் கைப்பிடி அடித்துவிடுங்கள். ஓட்டில் மட்டும் அல்ல, திருகு சுவர்ச் செங்கல் வரை இறங்க வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று. எங்கள் பக்கம் அங்கணம் என்பது போல, உங்கள் ஊரில் இந்த மூலைக்கு என்ன பெயர்? ஜலதாரை என்பவர்களைத் தெரியும், முற்றத்துத் தூம்பு என்பவர்களையும். வேறு இருந்தால் எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன்.